சந்தைக்குப் போகும் நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய நிலம் செவ்வாய்க்கிழமைதோறும் சந்தைக்குப் போய்விடும். காலை மணி அடிக்கும் நேரத்துக்குக் கிளம்பி, பொழுது சாயத் திரும்பும். மற்ற நாட்களில் தங்கமான நிலம். கல்லும் முள்ளும் செங்குத்துச் சரிவும் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. ஊரில் அதைப் பரும்பு என்று கூப்பிடுவார்கள்.

எனக்கு முன் வந்த பொறியாளர் அதில் ஆழமாக அஸ்திவாரம் போட்டார். பரும்பு அதையும் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய், வரும்போது மறந்து வைத்துவிட்டு வந்தது. இப்போது அதன்மேல் வெங்காய மண்டி நடக்கிறது.

கட்டடத்துக்கான அரசுப் பணமும் 'படிக்கட்டு' என்ற தலைப்பில் மட்டுமே வந்திருந்தது. சுவருக்கென்று ஒரு செங்கல் வாங்கினாலும் தணிக்கைக்காரர்கள் தோலை உரித்துவிடுவார்கள். கட்டடம் எழாவிட்டால், பள்ளியை நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவதாக உத்தரவு. லாரிகள் பறக்கும் சாலையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்? தலைமையாசிரியை செல்லக்கனி டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பொறியாளரான நான் வரைபடத் தாளை விரித்து உட்கார்ந்தேன்.

யோசித்தால் விஷயம் எளிது. படிக்கட்டுக்குத் தரை வேண்டியது ஏறத் தொடங்கும்போதுதான். ஏறிவிட்டால் அதற்கும் தரைக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே பள்ளி முழுவதையும் அகலமான ஒரே படிக்கட்டாக வரைந்தேன். ஒன்றாம் வகுப்பு கீழ்ப்படியில், ஐந்தாம் வகுப்பு மேல்படியில். தேறினால் ஒரு படி ஏற வேண்டியது. அஸ்திவாரம் இல்லாததால் பரும்பு அதை இழுத்துக்கொண்டு போகாது. செவ்வாய்க்கிழமை மட்டும் பிள்ளைகள் சீக்கிரம் வந்து ஏறிக்கொள்ள வேண்டும். நிலம் கிளம்பிய பிறகு வகுப்பைவிட்டு வெளியே ஓட ஒருவனுக்கும் வழியில்லை என்பது உபரி லாபம்.

கட்டி முடித்து, வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று அழைப்பிதழ் அடித்தோம். அன்று கல்வி அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வியாழன் காலையில் பார்த்தால் பரும்பைக் காணோம். படிக்கட்டு அந்தரத்தில் நின்றது. ஏறத் தொடங்க இடமில்லை.

டீச்சர் அழைப்பிதழை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஊர்ல உள்ள அத்தன பேரு பேரும் இருக்கு. மைக்செட்டுக்காரர் பேரு கூட இருக்கு. அது பேரு எங்க சார்? விட்டுட்டியள்லா. ரோசம் வராம என்ன செய்யும்?"

பத்திரிகையில் பெயர் விடுபட்டால் சொந்தத் தாய்மாமனே பந்தியில் உட்காராத ஊர் இது. நிலம் மட்டும் உட்காருமா?

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு இருவரும் சந்தைத் திடலுக்குப் போனோம். பரும்பு வெங்காய மண்டிக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

"நேர்ல வந்து கூப்பிடணும்னுதான் அச்சுல போடல," என்று டீச்சர் கூசாமல் பொய் சொன்னார். "வீட்டு ஆளுக்கு எதுக்குப் பத்திரிகை? நீ வந்தாத்தான் பிள்ளைங்க ஏற முடியும், பாத்துக்க." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

பரும்பு வெற்றிலையை எடுத்துக்கொண்டது. முகத்தைத் திருப்பியபடியே மென்றது.

மறுநாள் அதிகாரி வந்தபோது அது குளித்த ஈரத்தோடு படிக்கட்டின் கீழே ஒழுங்காகப் படுத்திருந்தது. அவர் ஏறினார், இறங்கினார்.

"எல்லாம் சரி. விளையாட்டு மைதானம் எங்க? அது இல்லாம ஒப்புதல் தர முடியாதே."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பரும்பு கொஞ்சம் நகர்ந்தது. அதன் பின்னால் சின்னதாக, சமதளமாக ஒரு நிலம் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. விசேஷத்துக்கு வருகிறவர்கள் சொந்தக்காரப் பிள்ளையையும் கூட்டிவருவது வழக்கம்தான்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்த பிள்ளையைச் சும்மா விடவும் மனசில்லை. தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னோம். தொட்டது. பள்ளி வயது வந்துவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டோம். விளையாட்டு மணி அடித்தால் கீழே இறங்கி விரிந்துகொள்ளும். செவ்வாய்க்கிழமைகளில் பரும்போடு சந்தைக்குப் போக விடுப்புக் கேட்கிறது. டீச்சர் தருவதில்லை. கையெழுத்து இப்போதுதான் கூடிவருகிறதாம்.