ட்ரினிடாட்டுக்குப் போன மச்சாள்

சுவிஸின் பீல் நகரத் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் கோடை விழாவில் கஜலக்சுமிக்கு நிரந்தரமாக ஒரு வேலை இருந்தது. மைதானத்து மரநிழலில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பைகளைக் காவல் காப்பது. பெயருக்கு அவள் வலைப்பந்து அணியின் ரிசேவ் ஆட்டக்காரி. கழகத்தின் ரீசேட் உண்டு, அதன் முதுகில் பெயரும் உண்டு. ஆனால் ஐந்து கோடையாக அந்த ரீசேட் நனைந்ததெல்லாம் விடியற்காலையில் அணிக்காக ரோல்ஸ் பொரித்த வியர்வையில்தான்.

அணித் தலைவி மனோகரி. கஜலக்சுமியின் கணவனுக்கு மூத்த அக்கா, ஆகவே மச்சாள். குடும்பத்தில் யாருக்கு எந்த நிறத்தில் சேலை, யாருடைய பிள்ளை எந்தத் தொழில் படிப்பது என்பதெல்லாம் மனோகரி சொல்லித்தான் நடக்கும். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணியோடு முதலில் வாசலில் நிற்பவள் அவள்தான். தான் இல்லாமல் உலகம் ஓடும் என்பதை மட்டும் அவளால் நம்ப முடியாது. கோல் போடும் இடத்தில் எப்போதும் அவளே நிற்பாள்.

“கஜா, நீ இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி. பையளைப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேணுமெல்லோ” என்பாள் ஒவ்வொரு வருஷமும். இப்படிப் புகழ்ந்து உட்கார்த்தி வைப்பவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

கஜலக்சுமி பள்ளிக்கூட அணியில் ஜீ.கே. ஆக நின்றவள். அதாவது கோல் வளையத்துக்குக் கீழே நின்று, எதிர் அணி எறியும் பந்தை மறிப்பவள். நல்ல உயரம், அதைவிட நீளமான கை. இப்போது நாற்பத்தாறு வயதில், கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்தும் மேசையில் நாள் முழுக்கக் குனிந்திருக்கிறாள். நிமிர்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரேயொரு ஆட்டம் ஆட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அது ஐந்து வருஷமாக வயிற்றுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

இந்த முறை மனோகரி வாக்குக் கொடுத்திருந்தாள். “கட்டாயம் உன்னை இறக்குவன்” என்றாள். விழா நாள் காலையில், எழுத்துப் போட்ட மேலங்கிகளைப் பகிர்ந்தபோது, ஜீ.கே. மேலங்கி லா ஷோ-து-ஃபோனிலிருந்து வந்த இருபது வயதுப் பெண்ணொருத்தியின் கழுத்தில் ஏறியது. கஜலக்சுமியின் கைக்கு, பைகளோடு சேர்த்துக் காவல் காக்க, மனோகரியின் கார்த் திறப்பு வந்தது.

“பிள்ளை நல்லாப் பாயுது, கஜா. நீ அடுத்த வருஷம் பாப்பம்.”

கஜலக்சுமி மரத்தடிக்குப் போய்ப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கோபத்தில் ஒரு ரோல்ஸை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்தாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் இரவீந்திரனின் குரல் எழுந்தது. கழகத்தின் அறிவிப்பாளர் அவன். கஜலக்சுமியின் கணவன், மனோகரியின் தம்பி. வீட்டில் பத்து வார்த்தை பேச மாட்டான். கையில் மைக் வந்துவிட்டால் நிறுத்தவும் மாட்டான்.

“அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! கடல் கடந்து, மலை கடந்து, ஜெனீவாவிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் மேற்கிந்தியத் தீவுகள் மகளிர் அணியை எழுந்து நின்று வரவேற்போம்!”

வழக்கமாக வரும் ஜெனீவாத் தமிழ்ப் பெண்கள் அணிக்கு அன்று யாரோ வீட்டுக் கலியாணம். வேறு அணி தேடி அலைந்த இரவீந்திரன், ஜெனீவாப் பூங்கா ஒன்றில் கரீபியன் பெண்கள் சிலர் வலைப்பந்து ஆடுவதைக் கண்டான். கண்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் மேற்கிந்தியக் கிரிக்கெட்டின் பக்தன். விளம்பரத்தில் தென்னைமரம் எல்லாம் போட்டு ‘மேற்கிந்தியத் தீவுகள்’ என்று பெரிதாக அச்சடித்துவிட்டான்.

வந்தவர்கள் ஒன்பது பேர். மருத்துவமனைத் தாதிகள், அலுவலக ஊழியர்கள், ஒருத்தி பள்ளி ஆசிரியை. முன்னால் வந்த உயரமான பெண்ணின் பெயர் ஜோஸ்லின். அவள் விளம்பரப் பலகையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தோழியிடம் அதைக் காட்டினாள். பிறகு நேரே இரவீந்திரனிடம் வந்து, ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“இந்த மேற்கிந்தியத் தீவுகள் என்பது யார்?”

“நீங்கள்தான்!” என்றான் இரவீந்திரன் பூரித்து.

“நான் ட்ரினிடாட்.”

“நான் பார்படோஸ்” என்றாள் தோழி. அவள் பெயர் வெர்னா.

கிரிக்கெட்டில்தான் அந்தத் தீவுகளெல்லாம் ஒரே அணியாம். வலைப்பந்தில் ட்ரினிடாட் தனி, பார்படோஸ் தனி, ஜமேக்கா தனி. உலகக் கிண்ணத்துக்குத் தனித்தனியாகப் போய், ஒருவரோடு ஒருவர் முட்டி மோதுகிறவர்கள். பூங்காவில் சேர்ந்து பழகுவது வேறு, கிண்ணத்துக்காக ஒரே அணியில் ஆடுவது வேறு என்றாள் ஜோஸ்லின். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம் இரண்டைச் சேர்த்து ஒரே அணியாக ஆடச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்தது.

“எழுபத்தொன்பதில் நாங்கள் உலகச் சம்பியன், தெரியுமா?” என்றாள் ஜோஸ்லின். “எங்கள் ஊரிலேயே, போர்ட் ஒஃப் ஸ்பெயினில்!”

வெர்னா சிரித்துவிட்டாள். “முழுவதையும் சொல். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, நீங்கள், மூன்று பேரும் சமம். ஒரு பட்டத்தை மூன்றாகப் பங்கு போட்டீர்கள். முழுச் சம்பியன் இல்லை, மூன்றில் ஒரு பங்கு.”

“பங்கு என்றாலும் தங்கம்!”

இரவீந்திரனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் ஒருவழியாக முடிவானது. பீல் தமிழ் அணி, ட்ரினிடாட், பார்படோஸ் என மூன்று அணிகள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் ஆடும். ஆனால் ஓர் அணிக்கு ஏழு பேர் வேண்டும். ட்ரினிடாட்டில் ஐந்து பேர், பார்படோஸில் நாலு பேர். மிச்சத்துக்கு எங்கே போவது?

பார்வையாளர் பக்கத்திலிருந்து நாலு இளம் பெண்கள் குதித்து ஓடி வந்தார்கள். மூன்று பேரை வெர்னா பிடித்துக்கொண்டாள். ஒருத்தி ட்ரினிடாட்டுக்குப் போனாள். இன்னும் ஓர் இடம் மிச்சம். ஜோஸ்லின் ஜீ.கே. மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “கோல் காக்க யாராவது?”

மரத்தடியில் ஒரு கை உயர்ந்தது. ரொம்ப நீளமான கை.

“கஜா!” என்றாள் மனோகரி மைதான நடுவிலிருந்து. “நீ எங்கட ஆளெல்லோ? பையளை ஆர் பாக்கிறது?”

மச்சாளின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிக் கஜலக்சுமிக்குப் பழக்கமில்லை. ஆனால் கால் தன்பாட்டில் நடந்துவிட்டது.

“இண்டைக்கு நான் ட்ரினிடாட், மச்சாள்” என்றாள். கார்த் திறப்பை மனோகரியின் கையில் வைத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டாள்.

முதல் ஆட்டம் ட்ரினிடாட்டுக்கும் பார்படோஸுக்கும். கஜலக்சுமி அசடு வழிந்தாள் என்பதை மறைப்பானேன். இந்த ஆட்டத்தில் எதிராளியைத் தொடக் கூடாது. பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றுதான் கையைத் தூக்கி மறிக்கலாம். ஐந்து வருஷத்து ஆத்திரத்தில் அவள் ஒருத்தியை இடித்தாள், இன்னொருத்தியின் காலை மிதித்தாள். நடுவராக நின்ற சரணியாவின் விசில் ஓயவில்லை. போதாக்குறைக்கு, “அடடா! எல்லைக் கோட்டை நோக்கிப் பறக்கிறது பந்து! சிக்ஸர்!” என்று தன் பாட்டுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தான் இரவீந்திரன். பார்படோஸ் வென்றது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். ஜோஸ்லின் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். “இந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் ஓடித் திரிகிறாய்? நில். பந்து உன்னிடம் வரும்.”

இரண்டாவது ஆட்டத்தில் மனோகரியின் பீல் அணி பார்படோஸை வென்றது. மனோகரி கோல் மேல் கோல் போட்டாள். உண்மையில் அவள் அருமையான ஆட்டக்காரிதான். குறி தப்பாது.

மூன்றாவது, பீலும் ட்ரினிடாட்டும். பீல் சமநிலை எடுத்தாலே போதும், கிண்ணம் அவர்களுக்கு. மனோகரியும் கஜலக்சுமியும் ஒரே வளையத்துக்குக் கீழே எதிரும் புதிருமாக நின்றார்கள்.

“வலது முழங்காலைப் பாத்து, கஜா. போன மாதமும் நொந்ததெண்டு சொன்னனி” என்றாள் மனோகரி. அக்கறையா, வெருட்டலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை கஜலக்சுமி ஓடவில்லை. மூன்றடி தள்ளி நின்றாள், நிமிர்ந்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். தோள் எலும்பு மளுக்கென்றது. குனிந்து குனிந்து முறுகிப் போயிருந்த முதுகு விரிந்தது. ஐயோ, என்ன சுகம்! மனோகரி எறிந்த முதல் பந்து அவளுடைய விரல் நுனியில் பட்டு வெளியே போனது. இரண்டாவது கோலானது. நாலாவதை அந்தரத்திலேயே பறித்து ஜோஸ்லினுக்கு வீசினாள். மரத்தடிப் பக்கம் இருந்த சனமெல்லாம் கோட்டோரத்துக்கு வந்துவிட்டது. பீல் ஆட்கள் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தட்டினார்கள். இரவீந்திரன் மைக்கில், “அக்கா பந்தைப் பிடிக்கிறார்... ஆனால் மனைவி... என்ர கடவுளே, நான் ஒண்டும் சொல்லேல்லை” என்று முதன்முறையாக வாயை மூடினான்.

கடைசி நிமிடம். ட்ரினிடாட் ஒரு கோல் முன்னால். பந்து மனோகரியின் கையில், வளையத்துக்கு நேர் கீழே. இதைப் போட்டால் சமநிலை, கிண்ணம் பீலுக்கு. வீட்டில் அதற்கு ஏற்கெனவே அலுமாரியில் இடம் ஒதுக்கியிருந்தாள்.

மனோகரி எறிவதற்கு முன்னால் ஒருமுறை கஜலக்சுமியின் கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எந்தப் பேச்சையும் முடித்து வைத்த பார்வை அது. கஜலக்சுமி அவளைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தாள். அது மச்சாளின் விரலை விட்டுக் கிளம்பும்வரை அசையாமல் நின்று, கிளம்பியதும் எழும்பினாள். பந்து அவளுடைய உள்ளங்கையில் சப்பென்று விழுந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விசில் ஊதியது.

ட்ரினிடாட்காரிகள் ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள். அவளோ பந்தை விடவே இல்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மூன்று அணிக்கும் ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வி. கோல் வித்தியாசம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முதல் ஆட்டத்தின் கோல்களைக் குறிக்க வேண்டியவன் இரவீந்திரன். அவன் சிக்ஸர் சொன்ன சுவாரசியத்தில் ஒன்றையும் குறிக்கவில்லை. பார்படோஸ் வென்றது எல்லாருக்கும் தெரியும், எத்தனை கோலால் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மனோகரி தம்பியைப் பார்த்த பார்வையில் மைக்கே கருகியிருக்க வேண்டும்.

“சரி, பூவா தலையா போடுவம்” என்றான் அவன் அவசரமாகக் காசை எடுத்து.

“மூண்டு ரீமுக்கோ?” என்றாள் சரணியா.

அவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கு மூன்றாவது பக்கம் இல்லை.

வெர்னா பெருமூச்சு விட்டாள். ஜோஸ்லினை ஓரக்கண்ணால் பார்த்தாள். “சொல்லவே விருப்பமில்லை. ஆனால் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் செய்ததைத்தான் செய்ய வேண்டும்.”

“பங்கு என்றாலும் தங்கம்?” என்றாள் ஜோஸ்லின்.

“ஓகே, ஓகே. தங்கம்!”

மூன்று தலைவிகளும் கிண்ணத்தை ஒன்றாகத் தூக்கினார்கள். ஆளுக்கு நாலு மாதம் வைத்திருப்பது என்று தீர்மானம். முதல் நாலு மாதம் ட்ரினிடாட்டின் பங்கு, அதுவும் கோல் காத்தவளுடைய வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஜோஸ்லின் ஒற்றைக் காலில் நின்றாள். மனோகரி அதைக் கேட்டு மறுக்க வாயைத் திறந்தவள், திடீரென்று நெஞ்சில் கைவைத்தாள்.

“ஐயோ! பையள்!”

கார்த் திறப்பைக் கையில் வாங்கியவள், பைகளை யாரிடமும் ஒப்படைக்காமல் ஆட்டத்துக்கு இறங்கியிருந்தாள். எல்லாரும் மரத்தடிக்கு ஓடினார்கள். பைகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு ஸிப் கூடத் திறபடவில்லை. மனோகரி இரண்டு தரம் எண்ணினாள். மூன்றாம் தரம் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். மெல்லத் திரும்பிக் கஜலக்சுமியைப் பார்த்தாள்.

“உன்னை அஞ்சு வருஷம் சும்மா இருத்திப்போட்டன், என்ன?”

“ஓம், மச்சாள்” என்றாள் கஜலக்சுமி. அதில் கோபம் இல்லை, ஆனால் “பரவாயில்லை” என்றும் அவள் சொல்லவில்லை.

மனோகரி குனிந்து, ரோல்ஸ் டப்பாவைத் திறந்து, முதல் ரோல்ஸைக் கஜலக்சுமியின் கையில் வைத்தாள்.

“அடுத்த வருஷம் எங்கட ஜீ.கே. நீதான். நான் சொல்லிப்போட்டன்.”

கஜலக்சுமி ஆற அமர ஒரு கடி கடித்தாள். தூரத்தில் இரவீந்திரன் தென்னைமர விளம்பரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ட்ரினிடாட்காரிகள் அவளைப் படம் எடுக்க வரச்சொல்லிக் கை காட்டினார்கள்.

“ட்ரினிடாட்டைக் கேட்டுத்தான் சொல்லோணும், மச்சாள்” என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். “நான் போயிட்டு வாறன். பையளைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ.”