பாதி மாத்திரை

விடியும்போதே தமிழ்மதிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆனந்தி காய்ச்சல் மாத்திரையில் பாதியை நுணுக்கி, சீனித் தண்ணீரில் கரைத்து மகளுக்குப் புகட்டினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. சொல்லாமல் லீவு போட்டால் நாளைக்கு மில்லுக்குள்ளேயே விடமாட்டான் அந்த சூப்பர்வைசர். அவனுக்குக் காய்ச்சலும் ஒன்றுதான், கல்யாணமும் ஒன்றுதான்.

கொரோனா சமயத்தில் பள்ளிக்கூட வாசலிலேயே நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது அது பள்ளிக்கூட பீரோவுக்குள் தூங்குகிறது. யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

வியர்த்து உடம்பு குளிர்ந்ததும், மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மில் வேனில் ஏறினாள் ஆனந்தி.

மத்தியானம் மில் ஆபீசுக்கு டீச்சரின் போன் வந்தது. குஜிலியம்பாறை பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சத்துணவைத் தொடாமல் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள் தமிழ்மதி.

“பக்கத்துல இருக்க பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கிருமேம்மா. காலையிலயே காய்ச்சல் இருந்துச்சா?” என்று கேட்டார் மகேஸ்வரி டீச்சர்.

“இல்ல டீச்சர். வாரப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லும்போது ஆனந்தி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள். வெயிலைவிட அந்தச் சின்ன உடம்புதான் அதிகம் சுட்டது. பாதி வழியில் தமிழ்மதி அவள் காதோடு சொன்னாள்:

“நானும் டீச்சர்ட்ட சொல்லலம்மா. நாளைக்கு முழு மாத்திரையாக் குடு. பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் தாங்கும்.”