நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

"நான் வந்து பண்ணிக்கிறேன் மாமா, நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. முப்பத்தோரு வருஷம் ஓர் அலுவலகத்தையே கட்டி மேய்த்தவன் நான்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. எண்களை உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் ஏற்றிக்கொள்வாள். அதிலிருப்பதை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் சாஃப்ட்வேரை ஒரு சிடியில் கொடுத்திருந்தார்கள்.

சிடியைப் போட்டேன். கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினேன். எல்லாம் ஏறி முடிந்ததும் கருவியை ஒயரில் மாட்டினேன். இரண்டிலும் இருப்பது ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்ள என்று ஒரு கேள்வி வந்தது. எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. பெரியது இருக்கும்போது சின்னதன் பேச்சு எப்படி எடுபடும்? கம்ப்யூட்டரில் உள்ளதை என்று அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று ஓடி நிறைந்தது. கம்ப்யூட்டரில் எதுவுமே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஈரக்கையோடு வந்தவள் கருவியைத் திறந்து பார்த்தாள். சைபர்.

"நானூத்திப் பன்னெண்டு வீடு, மாமா."

"மட்டமான சாமான். தானா போயிருக்கும்" என்றேன். குரல் என்னவோ கம்பீரமாகத்தான் வந்தது.

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "தானா எப்படிம்மா போகும்? உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி இந்த மாசம்தான் எழுதி வச்சிருக்கேன். மேலதிகாரிங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்? வேற யாராவது கைய வச்சாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நம் வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று, அவள் மருமகளாக வந்த அன்றே சொல்லி வைத்தவன் நான்.

"இல்ல சார். நான்தான் அவசரத்துல தப்பா அழுத்திட்டேன்."

எல்லா வீட்டையும் மறுபடி எடுக்க இரண்டு நாள் கெடு கொடுத்தார். போனை வாங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை நீளவில்லை. சாப்பிடும்போது மகன் அவளிடம், "கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்த மானத்தை அவள் பேசாமல் சுமந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எங்க மாமா?"

"ரெண்டு பேராப் போனா சீக்கிரம் முடியும்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப தொப்பியைப் போட்டுக்குங்க. வெயில்."

முதல் வீட்டு அம்மாள் கேட்டைத் திறக்காமலே, "முந்தாநாள்தானே எடுத்துட்டுப் போனே? கூட யாரு, உன் மேல சந்தேகப்பட்டு ஆபீசரை அனுப்பிட்டாங்களா?" என்றாள்.

"எங்க மாமனார். எடுத்தது அழிஞ்சு போச்சுங்க, என் தப்புதான்."

"அவ தப்பு இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேட் திறந்தது.

மீட்டர் இருந்த குழியின் மூடியைத் தூக்கிவிட்டு மண்டியிட்டேன். மீட்டரின் கண்ணாடிமேல் படிந்திருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

"என்ன நம்பர் மாமா?"

கடைசிச் சக்கரம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றது. உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள். சக்கரம் மெல்ல நகரத் தொடங்கியது.