உண்ணிச்செடிப் புதருக்குள்ளே

வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சங்கீதா தினமும் வீட்டை விட்டுக் கிளம்புவாள். ஒருநாளும் அது நடந்ததில்லை. மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் சோறாக்கி, துணி அலசி, கோடை விடுமுறையில் இருந்த மகள் இளவேனிலைப் பக்கத்து வீட்டு சாமியம்மாளிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறும்போதே, ஒரு முழு நாள் உழைத்து முடித்ததுபோல உடம்பு ஓய்ந்திருக்கும். கணவன் சிவசங்கருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவன் நைட் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் இவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். "சோறு மூடி வச்சிருக்கன்" என்பாள். "பாத்துப் போ" என்பான். பல நாள் புருஷன் பெண்டாட்டி பேச்சே அவ்வளவுதான்.

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எம்.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தவள் அவள். வகுப்பில் எல்லோருக்கும் அக்கா. கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் என்று அவளையும் நந்தினியையும் நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்திலிருந்த ஒரு பெரிய பூங்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். நந்தினி டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மைன்ஸில் பெர்மனன்ட் ஆனவர். குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கி, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். வந்த கொஞ்ச நேரத்தில் நிழல் தேடி உட்கார்ந்தும் விடுவாள்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம்தான். இந்த மண்ணின் செடிக்கு வெள்ளை நாடா கட்ட வேண்டும். வெளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு பரவும் செடிக்குச் சிவப்பு நாடா. போட்டோ எடுத்து, இடத்தைப் போனில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பூங்காவில் பார்த்த இடமெல்லாம் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியுமாக இருந்தன. சிவப்பு நாடா கட்டிக் கட்டி விரல் காய்த்துப் போனது. போன மாதம் வெட்டிப் போட்ட இடத்திலேயே உண்ணிச்செடி மறுபடி துளிர்த்து, மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து நின்றது. பூங்காவின் செலவில் வைத்த நம் நாட்டு மரக்கன்றுகளில் பலது காய்ந்துபோய், கூண்டு மட்டும் நின்றது. மீதியை ஆடு மேய்ந்திருந்தது.

"யாருக்காகக்கா இதெல்லாம் எண்ணிட்டிருக்கோம்?" என்றாள் நந்தினி ஒருநாள்.

சங்கீதா நாடாச் சுருளை எடுத்துக்கொண்டாள். "நேரமாவுது, எழுந்திரு" என்றாள்.

கடைசியாக மிச்சமிருந்தது, பூங்காவின் பின்புறச் சுவரை ஒட்டிய உண்ணிச்செடிப் புதர். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பின்னிப் பிணைந்து கிடந்தது. முழுதும் சிவப்பு என்று வெளியே நின்றே முடித்துக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கு அவளுடைய போன் கைதவறி உள்ளே விழுந்தது. சபித்துக்கொண்டே தவழ்ந்து போனாள். முள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது, தோள்பட்டையில் ரவிக்கை கிழிந்தது. போனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மண் ஈரமாக இருந்தது. புதரின் நிழலில் இடுப்பளவு உயரத்தில் காயாஞ்செடி நின்றது. பக்கத்தில் நுணா. ஒரு இலையைக் கிள்ளினாள், பால் வடிந்தது: வெப்பாலை. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. பறவை எச்சத்திலும் காற்றிலும் வந்து விழுந்த விதை. சுற்றிலும் இருந்த முள்ளைத் தாண்டி ஆடு வர முடியாது. அழிக்க வேண்டிய செடியின் மடியில் காக்க வேண்டியவை வளர்ந்துகொண்டிருந்தன.

"நந்தினி! இங்க வாயேன்."

"பாம்பா அக்கா?"

"பாம்பு இல்ல. வந்து பாரு."

முனகிக்கொண்டே தவழ்ந்து வந்த நந்தினி, வந்த பிறகு போக மனசில்லாமல் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நிழல் தேடவில்லை. இருவரும் உள்ளேயே கிடந்து வெள்ளை நாடா கட்டினார்கள்.

மறுநாள் பூங்காப் பொறுப்பாளர் அருள்மொழியிடம் போய்ச் சொன்னார்கள். கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறை, குழாய் உடைப்பு, மேலதிகாரி போன் என்று எப்போதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்.

"மொத்தமா வெட்டாதீங்க சார்" என்றாள் சங்கீதா. "கொஞ்சம் கொஞ்சமா, கையால வெட்டணும். ஒரேயடியா எடுத்தா உள்ள இருக்கிறது எல்லாம் வெயில்ல கருகிடும்."

"அடுத்த வாரம் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்கம்மா. அந்தப் பக்கம் சுத்தமா தெரியணும்னு சொல்லிட்டாங்க." மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தார். "சரி, வியாழக்கிழமைதான் ஜேசிபி வண்டி வருது. நானும் கூட நிக்கறேன். நீங்களும் வாங்க. எதை விடணும்னு காட்டுங்க."

செவ்வாய்க்கிழமை இளவேனிலுக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காலையில் உடம்பு கொதித்தது. சிவசங்கருக்கு அன்று டபுள் டூட்டி. சங்கீதா பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் உட்கார்ந்து, ஊசி போட்டு வெளியே வரும்போது போன் அடித்தது.

"அக்கா, ஜேசிபி வந்துடுச்சு!" நந்தினியின் குரல் உடைந்திருந்தது. "நாளைக்குன்னு தானே சொன்னாங்க? வேற இடத்துல வேலை இருக்காம், அதான் இன்னிக்கே வந்துட்டேன்னு டிரைவர் சொல்றாரு. அருள்மொழி சார் மீட்டிங்ல இருக்காரு, போன எடுக்கல."

"நிறுத்தச் சொல்லு."

"சொல்லிட்டேன்கா. கேக்க மாட்டேங்கறாரு."

பிள்ளையைச் சாமியம்மாளிடம் விட்டுவிட்டு வாசலிலேயே திரும்பினாள் சங்கீதா. "ஒரு மணி நேரத்துல வந்துடறன் ஆயா."

"போயிட்டு வா. கஞ்சி வச்சிக் குடுத்துகினு இங்கதான் இருக்கப் போறன், எங்க போவப் போறன்?" என்றாள் சாமியம்மாள்.

பஸ் கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். சுவரோரம் கல்யாணப் பந்தல் போடச் சமன்படுத்திய தரை மாதிரி வெறிச்சென்று கிடந்தது. பிய்த்துக் குவித்த உண்ணிச்செடியின் வாடை மூக்கில் ஏறியது. குவியலுக்குள் அங்கங்கே வெள்ளை நாடா தெரிந்தது. ஜேசிபி அணைந்து நின்றது. டிரைவர் கீழே இறங்கி, வாட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

மூலையில் மட்டும் ஒரு குடிசை அளவுக்குப் புதர் மிச்சமிருந்தது. அதன் முன்னால் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் நந்தினி. இரண்டு கையிலும் முள் கீறி ரத்தக் கோடு. மடியில் நனைத்த துப்பட்டா, அதற்குள் வேரோடு வந்த சில கன்றுகள்.

"அந்தப் பொண்ணு உள்ள பூந்துகிச்சிங்க" என்றான் டிரைவர். "நான் எப்படிங்க வண்டிய எடுக்கறது? எனக்கு யாரும் எதுவும் சொல்லலங்க. வெட்டுன்னாங்க, வெட்டனன்."

அவன்மேல் கோபப்படச் சங்கீதாவுக்குத் தோன்றவில்லை. யார்மேலும் தோன்றவில்லை. கால் கழுவி, பாய் விரித்துப் படுத்துவிட வேண்டும்போல மட்டும் இருந்தது. ஆனால் கன்றுகள் நந்தினியின் மடியில் வாடிக்கொண்டிருந்தன.

"கடப்பாரை இருக்குதாண்ணே?" என்று கேட்டாள்.

டிரைவரே குழி தோண்டிக் கொடுத்தான். மிச்சப் புதரின் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து ஒவ்வொன்றாக நட்டார்கள். குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பாதியில் அருள்மொழி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெறும் தரையைப் பார்த்தார், நந்தினியின் கைகளைப் பார்த்தார். "முன்னாடியே டிரைவர்கிட்ட நானே பேசியிருக்கணும்" என்றார். பிறகு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு குடத்தைத் தூக்கினார்.

நட்டதில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. வேர் அறுந்தவை இரண்டு நாளில் கருகின. காயா எல்லாமே போயிற்று. நுணா மட்டும் சிலது தலை நிமிர்ந்தது. மூலைப் புதருக்குள் இருந்தவை அப்படியே இருந்தன. வந்த பெரிய ஆட்கள் முன்பக்கப் புல்வெளியோடு நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சுவர்ப் பக்கம் ஒருவரும் வரவில்லை. கோடை மழை ஒன்று பெய்ததும் வெட்டிய தரை முழுக்கப் பார்த்தீனியம் முளைத்தது.

இன்டர்ன்ஷிப் முடியும் நாளில் அருள்மொழி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னொரு பக்கம் வெட்டவேண்டிய புதர் இருக்கில்ல? அங்க மெஷின் வேண்டாம், ஆள் விட்டு வெட்டலாம்னு கேட்டிருக்கேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியல. மூலைப் புதருக்கு மட்டும் கம்பி வேலி கட்டச் சொல்லிட்டேன். அது என் கையில இருக்கு."

"அது போதும் சார்" என்றாள் நந்தினி. வெளியே வந்ததும், "போதாது இல்லக்கா?" என்றாள்.

"போதாதுதான்" என்றாள் சங்கீதா.

அன்று சிவசங்கருக்கு லீவு. அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் இளவேனிலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். வகிடு கோணலாக இருந்தது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"என்னாதான் பண்ணிகினு இருந்த அங்க, இத்தினி நாளா? ஒரு நாளும் நீ சொன்னதே இல்ல."

நீங்கள் கேட்டதே இல்லை என்று வாய் வரை வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போன் புதருக்குள் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவன் சீப்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இளவேனில், "நந்தினிக்கா அழுதாங்களா?" என்று குறுக்கே கேட்டாள். ஜேசிபி வந்த கதையை இன்னும் முடிக்கவில்லை சங்கீதா. அதற்குள் கண் இழுத்துக்கொண்டு போயிற்று.

"அப்பறம்?" என்றான் சிவசங்கர்.

அவள் தூங்கிவிட்டிருந்தாள். அவன் ஒரு தலையணையை எடுத்து அவள் கழுத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.