ஹன்னாவின் அப்பா

ஆடிட் என்ற சொல்லைக் கேட்டால் மற்ற கம்பெனிகளில் ஆட்கள் பதறுவார்கள். முருகேஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான்.

திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அதில் அவன் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் எந்த ரிஜிஸ்டரைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் மேஜையில் இருக்கும். தீயணைப்புப் பயிற்சி நடந்ததா? நடந்திருக்கிறது; கையெழுத்தோடு, போட்டோவோடு. நடக்காத பயிற்சிக்கும் போட்டோ இருக்கும்.

"காட்ட வேண்டியதக் காட்டோணும். காட்ட வேண்டாதத பீரோவுல வெச்சுப் பூட்டோணும். அவ்வளவுதானுங்க தொழிலு" என்பான் பெருமையாக.

அதனால்தான் முதலாளி ராஜவேல் அந்த விசித்திரமான வேலையையும் அவன் தலையில் கட்டினார்.

டயான் மெரிட் என்று ஒரு அமெரிக்கப் பையர். குழந்தைகள் உடுப்பு வாங்குகிறவர். அறுபதைத் தாண்டிய பெண்மணி. வீடியோ காலில் ஒரு நாள் துணி, பட்டன் எல்லாம் பேசி முடித்த பிறகு தன் சொந்தக் கதையை ஆரம்பித்தார். அமெரிக்கா இங்கிலீஷ்காரர்கள் கையில் இருந்த காலத்திலிருந்தே மேரிலாந்தில் இருக்கிற குடும்பமாம். சர்ச் பதிவு, கோர்ட் பதிவு, உயில் என்று பழைய ஏடுகளைத் தேடித் தேடி மேலே போனவர் ஒரு இடத்தில் முட்டி நின்றுவிட்டார். முன்னூறு வருஷத்துக்கு முன் ஹன்னா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா யார் என்று எங்கேயும் கிடைக்கவில்லை.

"என் அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. அவள் போவதற்குள் அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும்" என்றார் டயான்.

"நோ பிராப்ளம் மேடம். மை டீம் வில் ஃபைண்ட்!" என்றார் ராஜவேல். கால் முடிந்ததும் முருகேஷைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அமெரிக்காக்காரியோட பாட்டன நாம எங்கீங்க போய்த் தேடறது?"

"செத்துப்போன வாட்ச்மேனுக்குப் போன மாசம் மெடிக்கல் செக்கப் நடத்துனவன்தானே நீ? தேடு, போ."

கூடமாட உதவிக்குக் கலைமகளைக் கொடுத்தார். டயானின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர். நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். இங்கிலீஷ் சரளம். அந்த ஊர்ப் பழைய பதிவுகளெல்லாம் படம்பிடித்து இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டை கம்ப்யூட்டர் முன்னாலேயே பிரித்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் தேடினார்கள். தயிர்சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவே மேரிலாந்தின் பழைய திருடர்களும் கடன்காரர்களும் வந்து போனார்கள்.

ஒரு நாள் கிடைத்துவிட்டது. கிடைத்திருக்க வேண்டாம் என்று முருகேஷ் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டான்.

அது ஒரு கோர்ட் பதிவு. மேரி என்ற வெள்ளைக்கார வேலைக்காரி கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். குழந்தையின் பெயர் ஹன்னா. முப்பத்தொரு வயது ஆகும்வரை அந்தக் குழந்தை எசமானுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. அப்பன், பக்கத்துத் தோட்டத்து வேலையாள் சைமன். அந்தப் பெயரை ஒட்டி இரண்டே வார்த்தை: ஈஸ்ட் இண்டியன்.

"அப்படீன்னா?" என்றான் முருகேஷ்.

கலைமகள் ஏற்கெனவே தேடிப் படித்திருந்தாள். "அந்தக் காலத்துல கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்ல நம்ம பக்கத்து ஆளுகளையும் வேலைக்காரனாக் கூட்டீட்டுப் போயிருக்கறாங்கண்ணா. மெட்ராஸ்ல இருந்து, வங்காளத்துல இருந்து. கொண்டுபோய் அங்க வித்துப்போட்டு வந்திருக்கறாங்க."

"அப்ப இவன் நம்மாளா?"

"நம்மாளாட்டத்தான் தெரியுது. மெரிட் மேடம் நமக்குச் சொந்தம், ஒறம்பரை ஆயிட்டாங்கண்ணா!"

இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாளவில்லை. அந்தச் சிரிப்போடுதான் முதலாளியின் ரூமுக்குப் போனார்கள். ராஜவேல் சிரிக்கவில்லை.

"கண்ணாலம் ஆகாமப் பொறந்த புள்ள. அப்பன் அடிமையாட்ட ஒருத்தன். அதுலயும் நம்மூர்க்காரன். இதயா அந்தம்மாகிட்டக் காட்டறது? நீ என்ன சொல்ற முருகேசு?"

முருகேஷுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"காட்ட வேண்டாமுங்க சார். நம்மூட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இந்தமாதிரி ஒண்ணு தெரியவந்தா வெளிய சொல்லுவமா? பரம்பரையில ஒரு கருப்பு ஆளு இருக்கறான்னா அந்தம்மா மூஞ்சியச் சுழிச்சுக்கும். ஆர்டரும் கூடவே போயிரும்."

கலைமகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, நிறத்தைச் சொல்லித் திரும்பிப் போனது ஒரு தடவை இல்லை, பல தடவை.

அதே ஊர்ச் சர்ச் ஏட்டில் இன்னொரு ஹன்னா இருந்தாள். கேப்டன் தாமஸ் வில்மாட் என்கிற கப்பல்காரரின் மகள். ஞானஸ்நானம் பெற்ற தேதி சில வருஷம் முந்தியது; பரவாயில்லை, இழுத்துப் பொருத்திவிடலாம். ஒரே ஒரு தொல்லை. அந்தப் பக்கத்தின் அடியிலேயே, அந்தக் குழந்தையை இரண்டு வயது நிறைவதற்குள் புதைத்த செய்தியும் இருந்தது.

கலைமகள் மவுஸை இழுத்தாள். ஒரு சொடுக்கு. அந்தப் பக்கத்தின் படத்தில் அடிவரி போயே போய்விட்டது.

தங்க நிறக் கரை போட்ட வம்சப் படம் ஒன்று தயாரானது. உச்சியில் கேப்டன். டயானின் பதில் மறுநாளே வந்தது. அத்தனை ஆச்சரியக்குறிகளை முருகேஷ் ஒரே மெயிலில் பார்த்ததில்லை. அடுத்த ஆர்டர் பெரிதாக வந்தது. ராஜவேல் அவன் தோளைத் தட்டினார். முருகேஷ் அந்த விஷயத்தை மறந்துபோனான்.

டயான் திருப்பூருக்கு நேரில் வரும்வரை.

*

சாம்பிள் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் உடுப்புகள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, டயான் தலையாட்டிவிட்டார். ஆர்டர் ஃபைல் முன்னால் இருந்தது. பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார்.

"முதலில் உங்களுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பதிவுக்காக."

ராஜவேலின் முகம் மலர்ந்தது. முருகேஷ் அடக்கமாகச் சிரித்துவைத்தான். கலைமகள் அளவெடுத்த டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வேடிக்கை சொல்கிறேன்" என்றார் டயான். "என் அம்மா சிறுமியாக இருந்தபோது அவளுடைய அத்தை ஒரு கதை சொல்லியிருக்கிறாள். நம் குடும்பத்தில் ஒருவர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர் என்று. அம்மா அதைப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அண்ணன்மார் சாகும்வரை அவளை மகாராணி, மகாராணி என்றே கிண்டல் செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன். தொண்ணூறு வயதிலும் அவள் விடவில்லை. நீ தேடு, அவர் அங்கே இருப்பார் என்பாள்."

டேப் சுருட்டுவது நின்றுவிட்டது.

"உங்கள் பேப்பர் வந்ததும் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பார் அம்மா, இந்தியரும் இல்லை, ஒருவரும் இல்லை, இங்கிலீஷ் கேப்டன் என்று சிரித்தேன். அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, 'அப்படியானால் எல்லாரும் சிரித்தது சரிதான். நான்தான் முட்டாள்' என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்." டயான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படியோ, உண்மை தெரிந்துகொண்டு போனாள். அது உங்களால்தான்."

மேஜைக்கு அடியில் ராஜவேலின் ஷூ முருகேஷின் காலை அழுத்தியது. வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

திறக்க வேண்டியதில்லைதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஃபிளைட் ஏறிவிடுவார். முருகேஷ் தண்ணீர் கிளாஸை எடுத்தான். குடிக்காமலே கீழே வைத்தான். நான்தான் முட்டாள் என்று ஒரு கிழவி காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்றான். "யுவர் மதர் இஸ் கரெக்ட்."

டயான் நிமிர்ந்தார்.

"முருகேசு, உனக்கு மேலுக்குச் சரியில்லையாட்ட இருக்குது. வெளிய போ" என்றார் ராஜவேல், சிரித்த முகம் மாறாமல், தமிழில்.

"போறனுங்க சார். சொல்லிப்போட்டுப் போறன்."

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். கோர்ட் பதிவு. மேரி. சைமன். ஈஸ்ட் இண்டியன். டயானுக்கு முதலில் புரியவில்லை.

"இது பிறகு கிடைத்ததா?"

"இல்லை மேடம். கேப்டனுக்கு முன்னாலேயே கிடைத்தது."

"அப்படியானால் கேப்டனின் ஹன்னா?"

"குழந்தையிலேயே செத்துப்போச்சு. அந்த வரியை வெட்டிட்டோம்."

"ஏன்?"

எத்தனையோ ஆடிட்டர்கள் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் ஒரு பதில் கைவசம் இருக்கும். இப்போது உண்மையான பதிலைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அது வெளியே வரக் கூசியது.

"யூ வில் ஃபீல் பேட்னு நினைச்சோம் மேடம்."

"எனக்கு எதற்கு வருத்தம்?"

"பிகாஸ்..." முருகேஷ் மேஜையைப் பார்த்துச் சொன்னான். "ஹி இஸ் லைக் அஸ்."

டயானுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அவர் அவனைப் பார்த்தார். அவன் முகத்தை, கையை, திரும்பவும் முகத்தை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"மேடம், திஸ் இஸ் ஹிஸ் மிஸ்டேக். ஒன்லி ஹிஸ்" என்றார் ராஜவேல் அவசரமாக.

டயான் கலைமகள் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"அந்தப் புள்ள சொன்னதச் செஞ்சதுங்க. அதுக்கு ஒண்ணும்..." என்று முருகேஷ் தமிழிலேயே குறுக்கே விழுந்தான்.

"இருங்கண்ணா, நான் சொல்றேன்." கலைமகள் இங்கிலீஷுக்கு மாறினாள். குரல் நடுங்கவில்லை. "வெட்டியது நான்தான் மேடம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இவர் சொன்னதும் எனக்கும் சரியென்றுதான் பட்டது. சைமன் பெயரை உச்சியில் போட்டால் அந்தப் படமே அசிங்கமாகிவிடும் என்று எனக்கே தோன்றியது. எனக்கே."

அன்றைக்கு முதலாளி ரூமில் தான் என்ன சொன்னோம், யாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னோம் என்பது முருகேஷுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. காது மடல் சுட்டது.

"அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்" என்றார் டயான்.

கலைமகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தாள். டயான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். சைமன் என்ற பெயரில் விரல் நின்றுவிட்டது.

"நான் அவள் முகத்துக்கு நேரே சிரித்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

ராஜவேல் தொண்டையைக் கனைத்தார். "மேடம், லஞ்ச் ரெடி..."

"எனக்குப் புதிதாக ஒன்று செய்து கொடுங்கள். இப்போதே" என்றார் டயான். "அம்மாவின் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். சைமன் பெயர் உச்சியில் இருக்கட்டும். கீழே, யார் கண்டுபிடித்தது, யார் மறைத்தது என்று பெயர் போட்டு எழுதுங்கள். நான் சிரித்ததை நானே எழுதிக்கொள்கிறேன்."

ராஜவேலுக்கு உடனே ஒரு முக்கியமான போன் வந்துவிட்டது. மணி அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார்.

கலைமகள் பழைய படத்தை எடுத்தாள். கேப்டனை அழித்தாள். சைமன் என்று அடித்தாள்.

"சொந்த ஊருன்னு ஒரு எடம் இருக்குதுங்கண்ணா. என்ன போட?"

மெட்ராஸ் என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. முருகேஷ் அதை விழுங்கினான். "அதுல எழுதியிருக்கறத மட்டும் போடு. தெரியாததத் தெரியலைன்னே போட்டுரு."

போட்டாள். கடைசியில், மறைத்தவர்கள் என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்க பேர நீங்களே அடிங்க."

ஒற்றை விரலால் அடித்தான். தன் பெயரில் தானே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தான். அந்தப் பக்கம் டயான் கர்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு" என்றான் தணிந்த குரலில். "அன்னிக்கு உன்ற முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

கலைமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னிக்குப் பேசுனதுங்கண்ணா? நீங்க நெறைய நாள் பேசியிருக்கறீங்களே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு பிரிண்டர் பக்கம் எழுந்து போனாள். முருகேஷ் அந்த நாற்காலியிலேயே இருந்தான். தன் பெயர் திரையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காகிதம் வந்தது. டயான் படித்தார். அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினார். மடிக்காமல் தன் கைப்பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். ஆர்டர் ஃபைல் திறந்தபடியே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"கார் வேண்டும். ஹோட்டலுக்குப் போகிறேன்."

"எஸ் மேடம்" என்று பதறி எழுந்து, கதவைத் திறந்துவிட முருகேஷ் முன்னால் ஓடினான். அதற்குள் அவரே திறந்துகொண்டு போய்விட்டார்.