முதலையின் இதயத்தில் எத்தனை அறை

ஓமனக்குட்டி மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். காரோடு ஊரிலிருந்து மீன்காரி ராஜபாய் கூடையைக் கொண்டுவந்து குன்னத்துகால் சந்திப்பில் இறக்கிய உடனே எதிரே குந்திவிடுவாள். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணை அமுக்கிப் பார்ப்பாள். முகர்ந்தும் பார்ப்பாள். "நீ மீன் வாங்க வந்தியா, பெண்ணு பாக்க வந்தியா?" என்று ராஜபாய் கேட்காத நாள் கிடையாது.

மீனோடு நின்றதா? பாலில் விரலை முக்கிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை வாசலில் நிறுத்தி எடை போடச் சொல்லுவாள். புருஷன் சுந்தரன் அஞ்சு நிமிடம் பிந்தி வந்தால் அவன் சட்டைப்பைக்கு நிம்மதி இருக்காது.

இப்படிப்பட்டவளிடம் லீலாபாய் வந்து, "மக்கா, நாம ரெண்டுபேரும் சேந்து படிப்போமா?" என்று கேட்டால் எப்படியிருக்கும்?

ரெண்டு பேரும் சந்திப்பிலுள்ள ஆசுபத்திரியில் அட்டெண்டர்கள். பிளஸ் டூவில் சயன்ஸ் படித்துத் தேறியவர்கள்தான். ஆனால் கல்யாணம், பிள்ளை என்று ஆகி, கடைசியில் படுக்கை விரிப்பு மாற்றுவதிலும் நோயாளியை உருட்டிக்கொண்டு போவதிலும் வந்து நின்றுவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஆசுபத்திரிக்காரர்கள் தங்கள் நர்சிங் கல்லூரிக்கு வேலைக்காரர்களில் ஒருத்தியைப் படிக்க அனுப்புவார்கள். அதற்கு ஒரு பரீட்சை உண்டு, ஐம்பது கேள்வி, எல்லாம் உயிரியல். முதல் மார்க்கு வாங்குகிறவளுக்குச் சீட்டு. இருவருக்கு ஒரே மார்க்கு வந்தால் மூத்தவளுக்கு. முப்பத்தைந்து ஆகிவிட்டால் எழுத முடியாது.

ஓமனக்குட்டிக்கு முப்பத்தொன்று. லீலாபாய்க்கு முப்பத்துநாலு முடியப்போகிறது. அவளுக்கு இது கடைசி வாய்ப்பு.

அதைத்தான் ஓமனக்குட்டி ராத்திரியும் பகலும் யோசித்தாள். கடைசி வாய்ப்புக்காரி எதற்காக எதிராளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொல்லுகிறாள்? உள்ளே ஏதோ இருக்கிறது. சரி என்று ஒத்துக்கொண்டதே அது என்னவென்று கண்டுபிடிக்கத்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துணி அடுக்கும் அறையில் உட்காருவார்கள். லீலாபாய் ஏற்கெனவே ரெண்டு முறை எழுதித் தோற்றவள். "பொதுவா உள்ளத எல்லாரும் படிப்பாங்க. அவங்க கேக்கது விதிவிலக்கத்தான் கேட்டியா. அத பிடிச்சுக்கோ" என்பாள். "ஊர்வனவுக்கு இதயத்துல மூணு அறை. ஆனா முதலைக்கு நாலு."

மறுநாள், "தமனியில நல்ல ரத்தம் ஓடும். ஆனா நுரையீரலுக்குப் போற தமனியில கெட்ட ரத்தமாக்கும்."

அதற்கு மறுநாள், "பாலூட்டி எல்லாம் குட்டி போடும். பிளாட்டிபஸ்னு ஒண்ணு உண்டு, அது மட்டும் முட்டையிடும்."

ஓமனக்குட்டிக்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. இவள் சொல்லுவது ஒவ்வொன்றும் தலைகீழாக இருக்கிறது! பாலூட்டி முட்டையிடுமாம். யார் காதில் பூச் சுற்றுகிறாள்? வீட்டுக்குப் போய்க் களியக்காவிளையில் வாங்கிய தன் பழைய கைடைப் புரட்டினாள். ஊர்வன, மூன்று அறை என்றுதான் அதில் போட்டிருந்தது. முதலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. போனில் பார்த்திருக்கலாம். போனையும் அவள் நம்புவதில்லை, கண்டவனும் கண்டதை எழுதிவைக்கிறான் என்பாள்.

"அக்கா, ஒங்க கைட ஒருநாள் கொண்டு வாருங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கொண்டாந்தா பஸ்ஸுலயே கொட்டிப்போவும் மக்கா. பாதிய செல்லு தின்னு போச்சு. ஹார்மோன் பாடமே இல்ல. ஒனக்க கைடுல உண்டுல்லா? அத மட்டும் நீ எனக்குச் சொல்லித் தா."

செல்லரித்த கைடாம். காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று பயம், வேறென்ன? தன்னை முட்டாளாக்கி, அதற்குக் கூலியாக ஹார்மோன் பாடத்தையும் வாங்கப் பார்க்கிறாள். சுந்தரனிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த அக்கா அப்படிப்பட்ட ஆளா எனக்குத் தெரியேல" என்றான். "ஒங்களுக்கு ஆருதான் தெரியும்?" என்று அவன் வாயை அடைத்தாள்.

மறுநாள் துணி அறையில் லீலாபாய் பேனாவும் சின்ன நோட்டுமாக உட்கார்ந்தாள்.

"கணையத்துல இன்சுலின் சுரக்கது எந்தச் செல்லு மக்கா?"

பீட்டா செல். ஓமனக்குட்டிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"ஆல்பா" என்றாள்.

லீலாபாய் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். அடியில் ஒரு கோடும் போட்டாள். ஓமனக்குட்டிக்கு ஒரு நிமிடம் என்னவோ செய்தது. பிறகு முதலையை நினைத்துக்கொண்டாள், சரியாகிவிட்டது.

பரீட்சையன்று காலையில் இருவரும் கல்லூரி வராந்தாவில் நின்றார்கள். லீலாபாய் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய தாள்கட்டு.

"அண்ணைக்குக் கேட்டல்லா. எல்லாத்தையும் அடுக்கிக் கொண்டாந்தேன். கடைசியா ஒரு பார்வை பாத்துக்கோ."

ஓமனக்குட்டி அதைப் பிரித்தபோது செல்லரித்த பொடி கையில் உதிர்ந்தது. ஓரமெல்லாம் ஓட்டை. இருந்தாலும் எழுத்து தெரிந்தது. முதலை, நாலு அறை. நுரையீரல் தமனி. பிளாட்டிபஸ். லீலாபாய் சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஹார்மோன் பாடத்தைத் தேடினாள். அந்த இடத்தில் அட்டையின் மக்கிய துண்டுதான் இருந்தது.

பக்கத்தில் லீலாபாய் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "இன்சுலின் ஆல்பா... இன்சுலின் ஆல்பா..."

மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அக்கா, அது பீட்டா. ஆனால் பிறகு அண்ணைக்கு ஏன் ஆல்பா என்று சொன்னாய் என்று கேட்பாளே. மறந்துபோய்ச் சொன்னேன் என்றால் நம்புவாளா? தான் அவள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டாள். ஐம்பது கேள்வியில் இதுதான் வருமென்று என்ன நிச்சயம்? வராது. வரவே வராது. இப்படி நினைத்து நினைத்தே பத்து நிமிடத்தையும் ஓட்டிவிட்டாள்.

பன்னிரண்டாவது கேள்வி முதலை. ஓமனக்குட்டி நாலு என்று குறித்தாள். முப்பத்தொன்றாவது கேள்வி இன்சுலின். பீட்டாவைக் குறிக்கும்போது அவள் தலையைத் தூக்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். முதலில் ஓமனக்குட்டி, நாற்பத்துமூன்று. அடுத்தது லீலாபாய், நாற்பத்திரண்டு.

அந்த இன்சுலின் ஒன்று சரியாகியிருந்தால் இருவருக்கும் நாற்பத்துமூன்று, சீட்டு மூத்தவளுக்கு. இந்தக் கணக்கைப் போட ஓமனக்குட்டிக்குக் கண்ணை மூடித் திறக்கும் நேரம் போதுமாயிருந்தது. மற்றவர்கள் கைகொடுத்தார்கள், சிரித்தார்கள். அவளுக்கு வெட்கக்கேடாக இருந்தது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் லீலாபாயே தேடிக்கொண்டு வந்தாள். அழுத முகம்தான், கழுவியிருந்தாள்.

"இன்சுலின்தான் என்னைக் கவுத்துப்போட்டு மக்கா. பீட்டாவாக்குமாம். நீ பீட்டான்னுதான் சொல்லியிருப்ப. நான் எழுதியெடுக்கும்ப மாத்திப்போட்டேன் போல. எனக்க புத்தி அப்படி."

ஓமனக்குட்டி அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். எங்காவது ஒரு மூலையில் சந்தேகம் இருக்கும், குத்தல் இருக்கும் என்று தேடினாள். இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆமாக்கா. நான் பீட்டான்னுதான் சொன்னேன்."

"அதுதானே" என்றாள் லீலாபாய். "செரி போவட்டும், ரெண்டுல ஒருத்திக்குக் கெடச்சுதே. வா, இண்ணைக்கு மீனு நான் வாங்கித் தாறேன்."

சந்திப்பில் ராஜபாயின் கூடையில் சாளை கிடந்தது. லீலாபாய் எதையும் புரட்டிப் பார்க்காமல் ஒரு கிலோ கேட்டாள். ராஜபாய் அள்ளி, பொதிந்து, ஓமனக்குட்டிக்கு நேரே நீட்டினாள். பிறகு வழக்கம்போலக் கூடையை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"என்ன பிள்ளே, இண்ணைக்குச் செவுளு பாக்கேலியா?"

லீலாபாய் சிரித்தாள். ஓமனக்குட்டி பொதியைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.