பச்சைப் படிக்கட்டுக் கடை

மான்செஸ்டருக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த ஊரின் கால்வாய்க் கரையில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் தெருவில், எந்த மதுக்கூடம் எப்போது திறக்கும், பெண் வேடமிட்ட ஆண்கள் பாடும் மேடை எது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கே முன்பதிவு வேண்டும் என்று எதைக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெருவுக்கான இணைய வழிகாட்டியை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு மூன்றாவது மாடியில் இருந்து நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம்.

பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட். நானும் பூபாலனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு கடைக்கும் போன் செய்து விசாரித்து எழுதுவோம். நான் எழுதியதை அவன் சரிபார்ப்பான், அவன் எழுதியதை நான். அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது ஆபீஸில் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். அதற்கு மேல் அவனைப் பற்றி எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றி அவனிடம் நான் சொன்னதும் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டு ஜெபத்தில், என் கல்யாணத்துக்கென்று ஒரு மன்றாட்டு தினமும் உண்டு. அதற்கும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வருவேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பட்டியலில் ஒரு பொய்க் கடையைச் சேர்த்து வைப்போம். போட்டிக் கம்பெனி நம் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் அந்தக் கடை காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவருக்கும் டீம் லீடர் ஷோபனா மேடத்துக்கும் மட்டுமே அது தெரியும். யாரும் தேடிப் போகாதபடி சப்பென்று எழுத வேண்டும் என்பதுதான் விதி.

இந்த முறை பொய்க் கடை என் பங்குக்கு வந்தது. நான்கு நாள் மின்சார ரயிலில் யோசித்து யோசித்து எழுதினேன். மேடம் கடையின் பெயரை மட்டும் பார்த்து ஓகே சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"பிராங்க், இதைப் படி."

மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊரான லீட்ஸிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவரும் அவருடைய துணைவரும் சேர்ந்து வாழத் தொடங்கி இருபது வருடம் ஆன நாளில் என் பொய்க் கடையைத் தேடிப் போயிருக்கிறார்கள். மழையில் தெருவை இரண்டு முறை சுற்றியும் நான் எழுதியிருந்த பச்சைப் படிக்கட்டைக் காணவில்லையாம். கோபமில்லை, கடையை மூடிவிட்டார்களா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

"தேடிப் போற அளவுக்கு யாருப்பா எழுதச் சொன்னது? ஆறு மணிக்குள்ள எடுத்துடு. அவருக்கு மன்னிப்பு எழுது. ரெண்டையும் பூபாலன் செக் பண்ணட்டும்."

தப்புக்காக நான் பயப்படவில்லை. பூபாலன் அதைப் படிப்பான் என்பதுதான் பயம்.

நான் எழுதிய பொய்க் கடை உண்மையில் பாரிவாக்கத்துப் பரோட்டாக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபாலன் தன் பைக்கில் என்னை அங்கே கூட்டிப்போனான். எதிர் நாற்காலியில் ஒரு கால் உடைந்திருந்ததால் ஜன்னலோரம் ஒரே பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் எழுதியது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

பூபாலன் தன் நாற்காலியை என் திரைக்கு முன்னால் இழுத்துப்போட்டுப் படித்தான்.

"இன்னா மாமே, படிக்கட்டு பச்ச பெயிண்டா?"

"சும்மா எழுதுனேன்."

"ஜன்னல்ல பார்த்தா தண்ணி டேங்கு, அதுமேல காக்கான்னு போட்டுகீற. கால்வாய் ஓரத்துல அது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் கடைசி வரிகளை முணுமுணுப்பாக வாசித்தான். "இங்கே இருவர் ஒரே பக்கம் உட்காரலாம். தோள் உரசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அருகில் இருப்பவரிடம் சொல்ல நினைத்ததை அவசரமில்லாமல் சொல்லலாம்."

சுட்டியை மேலே கொண்டுபோய் மறுபடியும் முதலிலிருந்து படித்தான். நாளை முதல் வேறு நாற்காலி கேட்பானோ என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நீ ஒண்ணுமே சொல்லலியே" என்றான்.

"சொல்லல."

"அந்தச் சேர போன மாசமே மாத்திட்டாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரு தபா தனியா போனேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "எதிர்ல நல்ல சேரு கீது. ஆனா அந்தப் பக்கமேதான் குந்துனேன். பக்கத்துல எடம் வுட்டு."

பொய்க் கடையை நான் அழித்தேன். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அவன் பெயரை அடித்தான். லீட்ஸ்காரருக்கு மன்னிப்பை இருவருமாக எழுதினோம். அப்படி ஒரு கடை அந்தத் தெருவில் இல்லை, தவறு எங்களுடையது, ஆனால் சென்னைக்கு மேற்கே ஒன்று இருக்கிறது என்று முடித்தோம். மேடம் கடைசி வரியை வெட்டச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் பாரிவாக்கம் போனோம். பச்சைப் படி ஏறினோம். பரிமாறுபவர் எதிர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இப்டி வாங்க அண்ணாத்தே, நெருக்கிக்கினு இன்னாத்துக்கு?"

"இருக்கட்டும்ணா" என்றான் பூபாலன். "இங்கியே நல்லாகீது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு இலை போட்டார். தோள் உரசியது. டேங்க் மேல் காகம் இருந்தது. நான் சொல்லத் தொடங்கினேன்.